ஒரு பல்பு, ஒரு மின்கலம், ஒரு துண்டு ஒயர்: மின்சுற்றுப் பாடத்துக்கு எந்த வழி?

ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் டார்ச் பல்பு ஒன்று, மின்கலம் ஒன்று, இரு முனைகளும் சீவிய ஒயர்த் துண்டு ஒன்று ஆகிய மூன்றை மட்டும் கொடுத்து, பல்பை எரிய வைக்கச் சொன்னால், முதல் முயற்சி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒயரின் ஒரு முனையை மின்கலத்தின் தொப்பி போன்ற மேல்முனையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையைப் பல்பின் அடியில் தொட்டுப் பார்ப்பார். பல்பு எரியாது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றோ பல்பு பீஸ் போய்விட்டது என்றோ முடிவுகட்டுவார். குழாயைத் திறந்தால் குடத்தில் தண்ணீர் விழுவதைப் போல, மின்கலத்திலிருந்து ஏதோ ஒன்று ஒயர் வழியே வந்து பல்பில் சேர்ந்துவிட்டால் போதும் என்ற எண்ணம் அவரிடம் பாடத்துக்கு முன்பே இருக்கிறது. வீட்டில் அவர் அன்றாடம் பார்க்கும் கருவிகளும் அந்த எண்ணத்துக்கே துணைபோகின்றன. மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் ஒரே ஒயர்தான் செல்வதாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அந்த உறைக்குள் தனித்தனிக் கம்பிகள் இருப்பது தெரிவதில்லை.

இந்த எண்ணங்கள் புதிதாகக் கண்டறியப்பட்டவை அல்ல. நியூசிலாந்தில் ரோஜர் ஆஸ்போர்னும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் சிறுவர்களிடம் பேசி இவற்றை வகைப்படுத்தினார்கள். ஒற்றைக் கம்பியே போதும் என்பது ஒரு வகை. மின்கலத்தின் இரு முனைகளிலிருந்தும் மின்னோட்டம் புறப்பட்டுப் பல்பில் வந்து மோதிக்கொள்வதால் ஒளி உண்டாகிறது என்பது இரண்டாவது வகை. மின்னோட்டம் ஒரு திசையில்தான் சுற்றுகிறது, ஆனால் பல்பு அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் திரும்பி வரும்போது குறைந்துவிடுகிறது என்பது மூன்றாவது வகை. கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் பிடிவாதமானது, ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது: பல்பில் ஆற்றல் செலவாகிறது, மின்னோட்டம் செலவாவதில்லை. ‘கரண்ட் செலவாகிறது’ என்று நாமே அன்றாடம் பேசிவிட்டு, வகுப்பில் மட்டும் மாணவர் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் மின்சாரம் பற்றிய அலகு 6, 7, 8 ஆகிய மூன்று வகுப்புகளிலும் வருகிறது. அதைக் கற்பிக்க ஓர் ஆசிரியர் முன்னால் இன்று நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. மேசைமேல் தானே செய்துகாட்டலாம். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பொருள்களை அவர்கள் கையிலேயே கொடுக்கலாம். அல்லது திறன் வகுப்பறையின் திரையிலோ கணினி ஆய்வகத்திலோ சிமுலேஷன், அதாவது உண்மைப் பொருள்களைப் போல நடந்துகொள்ளும் கணினி மாதிரி, மூலம் மின்சுற்றை அமைக்கச் செய்யலாம். எது வசதியாகக் கிடைக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே வழக்கமாக இருக்கிறது. எந்தத் தவறான எண்ணத்தை எந்த வழி உடைக்கும் என்பதைக் கொண்டு தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் நிலைப்பாடு. அந்த அளவுகோலை வைத்துத்தான் மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

செய்துகாட்டலுக்கு உள்ள முதன்மையான ஆதரவு நேரமும் செலவும். ஒரே ஒரு தொகுப்புப் பொருள்கள் போதும். முதல் நாள் மாலையே சரிபார்த்து வைத்துக்கொள்ளலாம். 40 நிமிடப் பாடவேளையில் விநியோகிக்கவும் திரும்பச் சேகரிக்கவும் நேரம் போவதில்லை. ஆனால் பின்வரிசையில் இருப்பவருக்கு 1 சென்டிமீட்டர் அளவுள்ள பல்பு எரிவது மட்டும்தான் தெரியும்; ஒயர் அதன் எந்த இடத்தைத் தொடுகிறது என்பது தெரியாது, கற்க வேண்டியதோ அந்த இடம்தான். இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. ஹார்வர்டில் எரிக் மஸூரின் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், செய்துகாட்டலை வெறுமனே பார்த்த மாணவர்கள் அதை அறவே பார்க்காதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நன்றாக விளக்கவில்லை என்று தெரியவந்தது. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுப் பார்த்தவர்களே தெளிவாக முன்னேறினார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பது உண்மைதான். ஆனால் கல்லூரி மாணவருக்கே பார்த்தல் போதவில்லையென்றால், பதினொரு வயதுச் சிறுவருக்குப் போதும் என்று நம்புவதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே செய்துகாட்டலைத் தேர்ந்தெடுப்பவர், முன்கணிப்பு இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு காந்த ஊசிப் பெட்டிதான். மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி விலகும் என்பதை 1820இல் ஆயர்ஸ்டெட் கண்டார். ஒரு சிறிய திசைகாட்டியைச் சுற்றி உறையிட்ட ஒயரைப் பத்துச் சுற்றுகள் சுற்றி, அதை மின்கலத்துக்கும் பல்புக்கும் இடையே இணைத்து, ஊசி எவ்வளவு விலகுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே திசைகாட்டியைப் பல்பைத் தாண்டிய திரும்பும் பாதையில் இணைப்பதற்கு முன், விலகல் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா என்று ஒவ்வொருவரையும் தம் நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். வகுப்பில் பெரும்பாலோர் ‘குறையும்’ என்றே எழுதுவார்கள். ஊசி அதே அளவு விலகி நிற்கும். ‘தின்றுவிடுகிறது’ என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான மறுப்பு பள்ளி அளவில் கிடைப்பது அரிது. மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரும் இதையே காட்டும் என்றாலும், முள் ஓடும் அளவுகோலில் எண்ணைப் படிக்கும் சிரமத்தில் ஆறாம் வகுப்பு மாணவர் கேள்வியையே மறந்துவிடுவார். இந்தச் சோதனை முன்மேசையில், ஆசிரியர் கையால், ஒரே ஒரு முறை நடந்தால் போதும். மின் உருகியின் (ஃபியூஸ்) வேலையைக் காட்ட இரும்புக் கம்பளி இழை ஒன்றை இணைத்து அது சிவந்து அறுவதைக் காட்டுவதும் ஆசிரியர் மேசைக்கே உரியது. 230 வோல்ட் வீட்டு இணைப்பை எந்த வழியிலும், எந்தக் காரணத்துக்காகவும் வகுப்பறைக்குள் கொண்டுவரக் கூடாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் எந்த வழி என்று தேர்ந்தெடுக்கவே இடமில்லை.

குழுவாகச் செய்து கற்பது என்றால் இந்தியாவில் முதலில் நினைவுக்கு வர வேண்டியது மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் ஆகிய அமைப்புகள் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் அதைத் தொடங்கின. பின்னர் மாவட்டம் முழுவதும் பரவி, 1982இல் உருவான ஏகலவ்யா அமைப்பின் பொறுப்பில் வளர்ந்து, பல மாவட்டங்களை எட்டியது. நால்வர் கொண்ட குழு, கையில் எளிய பொருள்கள், விடையைச் சொல்லாமல் செயலைச் சொல்லும் பயிற்சி நூல், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு, அதோடு செய்முறைத் தேர்வும் என்பவை அதன் அடையாளங்கள். 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியது. அரசுப் பள்ளியில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு, முப்பது ஆண்டுகள் இது நடந்தது என்பதே ‘நம் பள்ளிகளில் இதெல்லாம் நடக்காது’ என்ற வாதத்துக்குப் போதிய பதில். அரவிந்த் குப்தா போன்றவர்கள் சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு மாதிரிகள் செய்யும் முறையைக் கண்டதும் இந்தத் திட்டத்தின் சூழலில்தான்.

நம் வகுப்பறைக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று சொல்கிறது. 36 பேர் என்று வைத்துக்கொண்டால், மூவர் குழுவாக 12 குழுக்கள். நால்வர் என்றால் 9 குழுக்கள். ஆறு பேர் குழு என்பது குழுவே அல்ல. இருவர் செய்வார்கள், நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள், அந்த இருவர் யார் என்பதும் முதல் நாளிலேயே முடிவாகிவிடும். ஒரு குழுவுக்கு இரண்டு மின்கலம், இரண்டு பல்பு, நான்கு துண்டு ஒயர் என்று கணக்கிட்டால் 9 குழுக்களுக்கு 18 மின்கலமும் 18 பல்பும் 36 துண்டு ஒயரும் வேண்டும். ஒயரை மின்கலத்தோடு பிடித்து நிறுத்தப் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிக்கொண்டால் தனியாக ஹோல்டர் வாங்க வேண்டியதில்லை. சாதாரண துத்தநாக-கார்பன் மின்கலங்களையே வாங்க வேண்டும். எப்படியும் சில குழுக்கள் மின்கலத்தின் இரு முனைகளையும் ஒயரால் நேராக இணைத்துவிடுவார்கள், அப்போது அல்கலைன் மின்கலமாக இருந்தால் ஒயர் மிகவும் சூடாகிவிடும். பழைய செல்போன் பேட்டரியை இதற்கு எடுப்பது ஆபத்து. ஒயர் சுடுகிறது என்று அலறும் குழுவின் கண்டுபிடிப்பை, குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) என்ற பெயரைச் சூட்டுவதற்கான தருணமாக ஆசிரியர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பல்பு ஹோல்டரையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. டார்ச் பல்புக்குள் ஒளிரும் மெல்லிய கம்பியான மின்னிழையின் ஒரு முனை அடியிலுள்ள புள்ளியோடும் மறுமுனை பக்கவாட்டு உலோக உறையோடும் சேர்கிறது. மின்னோட்டம் உள்ளே நுழைய ஓர் இடம், வெளியேற வேறு ஓர் இடம் என்பதைக் கை உணர்கிற ஒரே சந்தர்ப்பம், வெறும் பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு தடுமாறும் அந்தப் பத்து நிமிடங்கள்தான். ஹோல்டரில் பொருத்திக் கொடுத்துவிட்டால் இரண்டு ஒயர்கள் தாமாகவே நீட்டிக்கொண்டு நிற்கும்; கேள்வி எழும் முன்பே விடை வந்துவிடும். அமெரிக்காவில் 1990களில் படமாக்கப்பட்ட நேர்காணல்களில், பட்டமளிப்பு உடையோடு நின்றிருந்த எம்.ஐ.டி. பட்டதாரிகளிடம் மின்கலம், பல்பு, ஒற்றை ஒயர் ஆகியவற்றைக் கொடுத்தபோது பலரால் பல்பை எரிய வைக்க முடியவில்லை. அவர்கள் ஓமின் விதியை அறியாதவர்கள் அல்லர். இந்தப் பத்து நிமிடங்கள் அவர்களுக்கு எப்போதும் வாய்க்கவில்லை என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன்.

குழுமுறையை ஆதரிக்கும் பலரும் பேசாமல் விடும் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, பொருளே கிடைப்பதில்லை. எல்.இ.டி. டார்ச்சுகள் வந்த பிறகு மின்னிழைப் பல்பு பல கடைகளில் அருகிவிட்டது. அதற்கு மாற்றாக எல்.இ.டி.யையே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். முதல் பாடத்துக்கு அது பொருந்தாது. சிவப்பு எல்.இ.டி. ஒளிர ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும் என்பதால் ஒற்றை 1.5 வோல்ட் மின்கலத்தில் இரண்டுமே எரியாது. தவிர, அது ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். சுற்றைச் சரியாக முழுமையாக்கிய மாணவர், எல்.இ.டி.யின் இரு கம்பிக் கால்களை மாற்றி இணைத்துவிட்ட ஒரே காரணத்தால் இருளைப் பார்த்துவிட்டு, சரியாகச் செய்ததையே தவறு என்று கலைத்துவிடுவார். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துமா என்பது போன்ற, மிகச் சிறிய மின்னோட்டமே பாயும் சோதனைகளுக்கு எல்.இ.டி. பல்பைவிட மேலானது, அங்கே அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். முதல் பாடத்துக்கு மின்னிழைப் பல்பைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, சேர்க்கும்போது அவை சமமாக ஒளிரும் என்று பாடநூல் படம் காட்டும். கடையில் வாங்கிய இரண்டு பல்புகள் அப்படி ஒளிர்வது அபூர்வம். ஒன்று 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் வகையாகவும் மற்றொன்று 2.5 வோல்ட், 0.2 ஆம்பியர் வகையாகவும் இருந்தால், மின்தடை கூடுதலாக உள்ள இரண்டாவது பல்பு பிரகாசமாகவும் முதல் பல்பு மங்கலாகவும் எரியும். மாணவர் பார்வையில் இதற்குப் பொருள் தெளிவு: பிரகாசமானது முதலில் தின்றுவிட்டது, மங்கலானதுக்கு மிச்சம்தான் கிடைத்தது. எந்தத் தவறான எண்ணத்தைக் களைய வகுப்புக்கு வந்தோமோ அதற்கே இயற்கை சான்று கொடுத்ததாக ஆகிவிடுகிறது. மின்கலத்தைத் திருப்பி வைத்துப் பார்க்கச் செய்தாலோ, இரு பல்புகளையும் இடம் மாற்றச் செய்தாலோ, பிரகாசம் பல்போடு சேர்ந்தே நகர்வதை அவர்களே காண்பார்கள். ஆனால் 9 குழுக்களில் எந்தக் குழுவுக்கு இது நேர்ந்தது என்று கவனித்து, அந்த நேரத்தில் அங்கே போய் நிற்க ஆசிரியரால் முடியுமா என்பது கேள்வி. தளர்ந்த இணைப்பு, உறை சரியாகச் சீவப்படாத ஒயர், உண்மையிலேயே தீர்ந்துபோன மின்கலம் ஆகியவையும் இப்படியே பொய்ச்சாட்சி சொல்பவை. கையில் கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவது இந்த வழியின் மிகப் பெரிய பொறி.

மூன்றாவது வழியான சிமுலேஷன் மேன்மை பெறுவது இந்த இடத்தில்தான். இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) சிமுலேஷன் திட்டத்தின் மின்சுற்று அமைப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். அதில் எல்லாப் பல்புகளும் ஒன்றுபோலவே இருக்கும், எந்த இணைப்பும் தளராது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பிக்குள் மின்துகள்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். பல்புக்கு முன்னும் பின்னும் அவை ஒரே வேகத்தில், ஒரே நெருக்கத்தில் நகர்வதைக் காட்ட உண்மைப் பொருள்களால் இயலாது. கொலராடோவில் 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில், உண்மைக் கருவிகளுக்குப் பதிலாக இந்தச் சிமுலேஷனில் பயின்ற கல்லூரி மாணவர்கள், பின்னர் உண்மைச் சுற்றை அமைத்து விளக்குவதிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். இந்த முடிவை மேற்கோள் காட்டி ஆய்வகச் செலவையே நிறுத்திவிடலாம் என்று பேசுவோர் உண்டு. பத்து, பதினொரு வயதுச் சிறுவர்களைக் கொண்டு பின்லாந்தில் யாக்கோலாவும் நூர்மியும் 2008இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது: சிமுலேஷன் மட்டும், உண்மைப் பொருள்கள் மட்டும் என்ற இரு பிரிவினரையும்விட, இரண்டையும் சேர்த்துச் செய்த பிரிவினரே நன்கு புரிந்துகொண்டார்கள். நடுநிலை வகுப்பு ஆசிரியருக்கு வயதளவில் நெருக்கமானது இந்த இரண்டாவது ஆய்வுதான்.

சிமுலேஷன் மறைப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். திரையிலுள்ள பல்பில் இணைப்பதற்கான இரண்டு புள்ளிகள் வட்டமிட்டே காட்டப்பட்டிருக்கின்றன. ஹோல்டர் செய்யும் அதே வேலையை அவை செய்கின்றன. எங்கே தொட வேண்டும் என்ற கேள்வி மாணவருக்கு எழுவதே இல்லை. ஒற்றைக் கம்பி எண்ணத்தோடு வரும் மாணவர், அந்த எண்ணம் ஒருமுறைகூட உரசப்படாமலேயே அழகான சுற்றுகளை அமைத்துவிட்டுப் போய்விட முடியும். கம்பிக்குள் ஓடும் நீல நிற உருண்டைகளை அவர் உண்மையான எலக்ட்ரான்களின் படமாகவே எடுத்துக்கொள்வதும் உண்டு. கணினி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு நால்வர் என்றால், சுட்டியைப் பிடித்திருப்பவர் ஒருவரே கற்கிறார். மின்வெட்டு ஏற்பட்ட பிற்பகலில் மின்சாரப் பாடமே நின்றுபோவதில் உள்ள வேடிக்கையையும் ஆசிரியர்கள் அறிவார்கள்.

இவற்றை எடைபோட்டால், 6ஆம் வகுப்பில் முதல் இரண்டு பாடவேளைகளைத் தயக்கமின்றிக் குழுச் செயலுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் முடிவு. முதல் வேளையில் ஹோல்டர் இல்லாத பல்பும் ஒற்றை ஒயரும் மட்டும். இரண்டாவதில் இரண்டு பல்புகளும் தொடரிணைப்பும். இரண்டாவது வேளையின் முடிவில் சில பல்புகள் மங்கலாகவும் சில பிரகாசமாகவும் எரிந்ததைக் கரும்பலகையில் அப்படியே பதிவுசெய்து, விடை சொல்லாமல் விட்டுவிட வேண்டும். மூன்றாவது வேளை முன்கணிப்போடு கூடிய திசைகாட்டிச் செய்துகாட்டலுக்கு. சிமுலேஷன் அதற்குப் பிறகுதான் வர வேண்டும். தாங்கள் கையால் செய்த அதே சுற்றை மாணவர்கள் திரையில் மீண்டும் அமைத்து, சமமான பல்புகளோடு என்ன நடக்கிறது என்று பார்த்து, தங்கள் குழுவின் பல்பு ஏன் அப்படி எரியவில்லை என்று விளக்கட்டும். வரிசையை மாற்றித் திரையை முதலில் வைத்தால், கையில் உள்ள பல்பு திரையைப்போல் நடக்காதபோது மாணவர் பல்பைக் குறைசொல்வார், தம் எண்ணத்தைச் சோதிக்க மாட்டார்.

8ஆம் வகுப்பில் இந்த விகிதம் மாறலாம். மின்னழுத்தம், மின்தடை போன்ற கண்ணுக்குத் தெரியாத அளவுகள் பேசப்படும் கட்டத்தில் திரைக்குக் கூடுதல் நேரம் கொடுப்பது நியாயம். மின்முலாம் பூசுதல் போன்ற வேதி விளைவுகளுக்கு மட்டும் மீண்டும் மேசைக்கு வந்துவிடலாம். 50, 60 பேர் உள்ள வகுப்பில், ஒரே ஆசிரியர், உதவிக்கு யாரும் இல்லை என்றால் 15 குழுக்களைச் சமாளிக்க முயன்று தோற்பதைவிட, பாதி வகுப்பு பொருள்களோடும் பாதி வகுப்பு எழுத்துப் பணியோடும் இருக்க, மறுநாள் மாற்றிக்கொள்வது மேல்.

தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்காகத் தொடங்கப்பட்ட நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டமான வானவில் மன்றம் இந்தக் கணக்கில் ஒரு தனிக் கூறு. இருசக்கர வாகனத்தில் பொருள்களோடு பள்ளிக்கு வரும் கருத்தாளரைப் பெரும்பாலும் ஒரு காட்சி நிகழ்த்துபவராகவே பள்ளிகள் வரவேற்கின்றன. அந்த வருகையை மின்சுற்று அலகின் இரண்டாவது பாடவேளையோடு பொருத்திக்கொள்ள முடிந்தால், பெரியவர் ஒருவர் கூடுதலாகக் கிடைக்கிறார். ஆசிரியர் நான்கு குழுக்களையும் கருத்தாளர் ஐந்து குழுக்களையும் கவனிக்கலாம். பல்புகள் சமமாக எரியாத மேசையில் தக்க நேரத்தில் போய் நிற்கும் வேலைக்கு இதைவிட நல்ல உதவி கிடைக்காது.

இப்படி வழிகளைத் தேர்ந்தெடுக்கத் தேவையான பணம், நேரம், ஆள் எதுவுமே இல்லாத பள்ளிகளும் உண்டு. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்ற நிலை வந்தால், நான் சிமுலேஷனையும் செய்துகாட்டலையும் விட்டுவிட்டு, வெறும் பல்போடும் ஒற்றை ஒயரோடும் கழியும் முதல் பாடவேளையை வைத்துக்கொள்வேன். அது போதுமானதாக இருந்ததா என்று அறிய எழுத்துத் தேர்வு வேண்டாம். ஒரு மாதம் கழித்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஒரு மின்கலத்தையும் பல்பையும் கரும்பலகையில் வரைந்துவிட்டு, ஒரே ஒரு ஒயரை மாணவர்கள் தம் நோட்டில் வரைந்து முடிக்கும்படி சொன்னால் போதும். ஒயரின் மறுமுனை பல்பின் எந்த இடத்தில் போய் நிற்கிறது என்று ஆசிரியர் வரிசைகளுக்கு இடையே நடந்தபடியே பார்த்துவிடலாம்.